ஷட்டருக்கு வயசாகிவிட்டதா? வாசகர் கேள்வி - பதில்

பரணில் கிடக்கிற பிலிம் கேமராவை எடுத்துத் துடைத்து ஒரு ரோல் போட்டுப் பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்து சேர்ந்த கேள்விகளில் முக்கால்வாசி ஷட்டரைப் பற்றியே இருக்கின்றன. ஷட்டர் என்பது பிலிமுக்கு வெளிச்சம் விட்டு மூடுகிற கதவு. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் ஸ்பீடு, 1/60 என்றால் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதனால் இந்த முறை லென்ஸ், மீட்டர், பூஞ்சை எல்லாம் காத்திருக்கட்டும்.

கேள்வி: மாமா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000 இப்போது என் கையில். இருபது வருஷமாக யாரும் தொடவில்லை. அழுத்தினால் 'டக்' என்கிறது. ஸ்பீடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ரோல் போடாமலே பார்க்க முடியுமா? இப்போது ரோல் விற்கிற விலையில் சோதனைக்கென்று ஒன்றை வீணாக்க மனசு வரவில்லை.
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: பார்க்கலாம் தம்பி. நல்ல கேமராதான் வந்திருக்கிறது, 1976-ல் தொடங்கி 1997 வரை பெரிய மாற்றமே இல்லாமல் வந்துகொண்டிருந்த மாடல். இதில் பேட்டரி, வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும், ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் எல்லா ஸ்பீடும் ஓட வேண்டும்.

சோதனைக்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய கறுப்புத் துணியில் இரண்டு திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது அதன் பின்னாலேயே ஓடி மூடும். டயலில் நீங்கள் என்ன வைத்தாலும் திரைகள் ஓடுகிற வேகம் மாறாது. இரண்டாவது திரை எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்புகிறது என்பதுதான் மாறும். 1/60-ல் முதல் திரை போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். 1/1000-ல் அவ்வளவு பொறுமை கிடையாது, முதல் திரை கிளம்பி ஒரு மில்லி செகண்டில் அடுத்ததும் கிளம்பிவிடும், நடுவில் மூன்று மில்லிமீட்டர் சுமாருக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும், அந்த இடுக்கு 36 மில்லிமீட்டர் அகலத்தையும் கடந்து போகிறபோதுதான் பிலிம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வாங்குகிறது.

சரி, இப்போது சோதனை. லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவைத் திறங்கள். 1 செகண்டில் வைத்து அழுத்துங்கள். பழைய அலாரம் கடிகாரம் மாதிரி 'கிர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் திக்கித் திக்கி ஓடினாலோ, திரை திறந்தபடியே நின்று தட்டினால் மட்டும் மூடினாலோ, மெதுவான ஸ்பீடுகளுக்கான பல்சக்கரத் தொகுதியில் கிரீஸ் பசையாகிவிட்டது என்று அர்த்தம். இருபது வருஷம் சும்மா கிடந்த கேமராவில் இது சகஜம், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீடிலும் ஐம்பது தடவை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள், பாதிக் கேமராக்கள் அதிலேயே தூக்கம் கலைந்து எழுந்துவிடும்.

அடுத்தது அளவு. போனில் குரல் பதிவை ஓடவிட்டுக் கேமராவைப் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். அந்தப் பதிவை ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு முள் தெரியும், ஒன்று முதல் திரையின் சத்தம், இன்னொன்று இரண்டாவதுடையது. 1/8 என்றால் நடுவில் 125 மில்லி செகண்ட், 1/15 என்றால் 67 சுமார், 1/30 என்றால் 33. இந்த முறை 1/30 வரைக்கும்தான் நம்பகம். 1/60-க்கு மேல் போனால் முதல் திரை போய் முட்டுகிற சத்தமும் இரண்டாவது கிளம்புகிற சத்தமும், லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி துள்ளி எழுந்து முட்டுகிற சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். விநாடிக்கு 240 பிரேம் என்றால் ஒரு பிரேம் நாலு மில்லி செகண்டுக்கு மேல். அதை வைத்து இரண்டு மில்லி செகண்ட் ஓடுகிற 1/500-ஐ அளப்பது, மரக்கால் படியை வைத்து மஞ்சள்தூள் அளக்கிற கதைதான்.

வேகமான ஸ்பீடுகளுக்கு வெளிச்சத்தையே அளக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் போட்டோடயோடு கிடைக்கும், வெளிச்சம் பட்டால் மின்சாரம் தருகிற சின்னச் சாமான். அதை ஒரு மைக் பின்னில் சாலிடர் செய்து லேப்டாப் மைக் துளையில் செருகினால் போதும். லென்ஸ் இருந்த பக்கம் டார்ச், பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் டயோடு. ஆடாசிட்டியில் பதிவுசெய்தால், திறக்கும்போது கோடு ஒரு பக்கம் எகிறும், மூடும்போது எதிர்ப்பக்கம் எகிறும், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். இதில் பலரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. 1/1000-ல் இடுக்கே மூன்று மில்லிமீட்டர்தான், டயோடின் முகமும் கிட்டத்தட்ட அதே அகலம் இருந்தால் கணக்கு நீண்டுவிடும், நல்ல ஷட்டரும் சோம்பேறியாகத் தெரியும். கறுப்புக் காகிதத்தில் குண்டூசியால் ஒரு துளை போட்டு டயோடு மேல் ஒட்டிவிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் செய்யாதீர்கள், சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. பழைய இரண்டு கட்டை டார்ச் உத்தமம்.

அளந்து பார்த்தால் 1/1000 என்று எழுதியிருப்பது 1.3 மில்லி செகண்ட் ஓடும், 1/500 என்பது 2.5 ஓடும். உடனே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 1.3 என்றால் ஏறக்குறைய 1/770, வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). நெகட்டிவ் பிலிமுக்கு அதெல்லாம் தூசு. நாலு தடவை அளந்தால் நாலு தடவையும் அதே எண் வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எப்போதும் மூன்றில் ஒரு ஸ்டாப் தாமதமாக ஓடுகிற ஷட்டரோடு குடும்பம் நடத்தலாம். ஒரு தடவை 1.0, அடுத்த தடவை 1.9 என்று ஓடுகிறதோடு முடியாது.

இதெல்லாம் வேண்டாம், சாலிடர் பிடிக்கவே தெரியாது என்றால், எப்படியும் போடப்போகிற முதல் ரோலில் ஐந்து பிரேமை மட்டும் ஒதுக்குங்கள். உச்சிவெயிலில் ஒரு வெற்றுச் சுவர். 100 ஐ.எஸ்.ஓ. பிலிம் என்றால், 1/60-ல் அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, எஃப் 22, 1/125-ல் எஃப் 16, 1/250-ல் எஃப் 11, 1/500-ல் எஃப் 8, 1/1000-ல் எஃப் 5.6. ஐந்தும் ஒரே எக்ஸ்போஷர், அதாவது பிலிமுக்குக் கிடைக்கிற வெளிச்சம் ஐந்திலும் ஒன்றுதான். எந்த பிரேம் எந்த ஸ்பீடு என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், பின்னால் ஞாபகம் இருக்காது. நெகட்டிவ் கழுவி வந்ததும் ஐந்தையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஒன்று மட்டும் கறுத்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும்.

கேள்வி: 1980-களில் எங்கள் ஊர் கேமரா ரிப்பேர்க்காரர் கறுப்பு வெள்ளை டிவியைப் போட்டுவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்து அதன் வழியாக டிவியைப் பார்த்து ஷட்டரைச் சரிசெய்வார். சின்னப் பையனாக வேடிக்கை பார்த்திருக்கிறேன். என்ன பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்இடி டிவியில் அப்படிச் செய்ய முடியுமா?
வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: அந்த மனிதர் கெட்டிக்காரர். சாலிடேர், டயனோரா காலத்து டிவிப் பெட்டிக்குள் ஒரு மின்கற்றை திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்துகொண்டே போகும். நம் ஊர் முறையில் மொத்தம் 625 கோடு, அதில் பாதியை 1/50 விநாடியில் வரைந்துவிடும். கணக்குப் போட்டால் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ செகண்ட். அதாவது டிவித் திரையே ஒரு கடிகாரம்.

லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கிற யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் மாதிரிக் கேமராவில் 1/500 வைத்து அழுத்தினால், அந்த இரண்டு மில்லி செகண்டில் வரைந்த கோடுகள் மட்டும் ஒரு பட்டையாகக் கண்ணில் நிற்கும். 31 கோடு இருந்தால் ஷட்டர் சரி. 40 தெரிந்தால் இரண்டரை மில்லி செகண்ட், அதாவது 1/390. துணித்திரை ஷட்டரில் இது இன்னும் அழகு. டிவி மேலிருந்து கீழே வரைகிறது, இடுக்கு பக்கவாட்டில் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து பட்டை சாய்வாக விழும். பட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே தடிமனாக இருந்தால் இரண்டு திரையும் ஒற்றுமையாக ஓடுகின்றன. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் ஸ்பிரிங் இழுவையில் வித்தியாசம். உங்கள் ஊர்க்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது இதைத்தான்.

எல்இடி டிவியில் வராது. அதில் அப்படி ஓடிக்கொண்டே வரைகிற மின்கற்றை கிடையாது. எங்காவது பழைய பெட்டி டிவி சும்மா கொடுக்கிறார்கள் என்றால் வாங்கிப் போடுங்கள், வீட்டில் திட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: அப்பா கல்யாண ஸ்டூடியோ நடத்தியவர். அவருடைய யாஷிகா 635-ல் 1/60-க்குக் கீழே எந்த ஸ்பீடும் ஓடவில்லை, ஷட்டர் இலைகள் பாதி திறந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்கிறார்கள். விடலாமா?
இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம்.

இந்த ஷட்டரில் ஐந்து மெல்லிய எஃகு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உரசி ஓடுகின்றன. அவை எண்ணெயே இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வேண்டிய இடங்கள் உள்ளே உண்டு, பல்சக்கரத்தின் அச்சு முனைகள், அங்கேயும் ஊசி நுனியில் தொட்டு வைக்கிற அளவுதான். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே எண்ணெயையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, அடிபட்டுச் சொல்கிறேன். கற்றுக்கொண்டிருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு இரட்டை லென்ஸ் கேமராவில் முன் லென்ஸைக் கழற்றிவிட்டு, சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலை இலைகள்மேல் தாராளமாக விட்டேன். என்ன அற்புதம், பத்து நிமிஷத்தில் 1 செகண்ட் கூட கணீரென்று ஓடியது. மறுநாள் காலை வாடிக்கையாளர் முன்னால் பெருமையாக அழுத்தினேன், இலைகள் அசையவே இல்லை. பெட்ரோல் பல்சக்கரத்திலிருந்த பழைய கிரீஸைக் கரைத்துக் கொண்டுவந்து இலைகளில் பரப்பிவிட்டு, தான் மட்டும் ஆவியாகிப் போய்விட்டது. அப்புறம் முழு ஷட்டரையும் பிரித்து, இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது. லைட்டர் பெட்ரோல் நல்ல சாமான்தான், ஆனால் பஞ்சுக்குச்சி நுனியை நனைத்து, துடைத்து, புதுக்குச்சி எடுத்து, மறுபடி துடைத்து, குச்சியில் அழுக்கு வராத வரைக்கும் செய்ய வேண்டும். பல்சக்கரத் தொகுதியைத் தனியாகக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

உங்கள் கேமராவுக்கு அதுதான் வைத்தியம், செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு பழக்கம்: 1/500 வேண்டுமென்றால் அதை முதலில் வைத்துவிட்டு அப்புறம் ஷட்டர் ஸ்பிரிங்கை ஏற்றுகிற லிவரை இழுங்கள். இந்த வகை ஷட்டர்களில் உச்ச ஸ்பீடுக்கென்று கூடுதலாக ஒரு ஸ்பிரிங் வரும், ஏற்றிய பிறகு அந்த வளையத்தைத் திருப்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பும். அப்புறம், 'வி' என்று எழுதிய டைமர் பக்கம் போகவே வேண்டாம். இத்தனை வயதில் அது பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அதே யாஷிகா 635 தான் என்னிடமும். ஷட்டர் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் எலெக்ட்ரானிக் பிளாஷ் போட்டு எடுத்த பன்னிரண்டு படமும் வெறும் வெள்ளை நெகட்டிவ்!
வாசகர், காரைக்குடி

பதில்: லென்ஸ் ஓரத்தில் 'எம்', 'எக்ஸ்' என்று ஒரு சின்ன லிவர் இருக்கும், அது 'எம்' பக்கம் இருக்கிறது, பந்தயம் கட்டலாம். 'எம்' பழைய பிளாஷ் பல்புக்கு. அந்த பல்பு பற்றிக்கொண்டு முழு வெளிச்சம் தர 20 மில்லி செகண்ட் போல ஆகும், அதனால் ஷட்டர் முதலில் பல்புக்குச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறக்கும். எலெக்ட்ரானிக் பிளாஷ் சொன்ன மாத்திரத்தில் அடித்து முடித்துவிடும், ஷட்டர் திறக்கும்போது அறை இருட்டாக இருக்கும். லிவரை 'எக்ஸ்' பக்கம் தள்ளுங்கள். பின்கதவைத் திறந்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, சுவரைப் பார்த்து அடித்தால் லென்ஸ் வழியாக முழு வட்டமாக வெளிச்சம் பளிச்சிட வேண்டும். அது தெரிந்தால் ரோல் போடலாம்.

கேள்வி: 1/1000-ல் எடுக்கிற படங்களில் மட்டும் ஒரு ஓரம் கறுப்பாக வருகிறது. 1/250-ல் அந்தப் பிரச்சினை இல்லை. துணித்திரை எஸ்எல்ஆர்.
பறவைப் படம் எடுப்பவர், கோடியக்கரை

பதில்: இரண்டாவது திரை முதல் திரையை வழியிலேயே துரத்திப் பிடித்துவிடுகிறது. இடுக்கு மூன்று மில்லிமீட்டர்தான் என்று மேலே சொன்னேனே, முதல் திரை கொஞ்சம் சோர்ந்தாலும் அந்த இடுக்கு வழியிலேயே மூடிப்போய் மிச்சப் பகுதிக்கு வெளிச்சமே கிடைக்காது. 1/250-ல் இடுக்கு அகலம், அதனால் அதே கோளாறு லேசான நிழலாகக் கரைந்துவிடுகிறது.

கேமராவின் அடித்தகட்டைக் கழற்றினால் திரைகளின் இழுவையைக் கூட்டுகிற இரண்டு சின்னத் திருகுகள் தெரியும், இணையத்தில் வீடியோவும் இருக்கும், கை அரிக்கும். தொடாதீர்கள். திரை சோர்ந்ததற்குப் பெரும்பாலும் காரணம் உருளை அச்சுகளில் காய்ந்த கிரீஸ். அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங்கை முறுக்குவது கால் வலிக்கிற மாட்டைச் சாட்டையால் அடிக்கிற மாதிரி, ரெண்டு மாசம் ஓடும். அதுவரை 1/500-க்குக் கீழேயே வைத்துக்கொண்டு பறவைகளை உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள்.

கேள்வி: நிக்கான் எஃப்எம்2 வாங்கினேன். ஷட்டர் தகடுகளில் தேன்கூடு மாதிரி அச்சு இருக்கிறது. யாரோ கீறிவிட்டார்களா?
வாசகர், சேலம்

பதில்: இல்லை, அது டைட்டானியம் தகடு, தயாரிக்கும்போதே அப்படித்தான் தயாரித்தார்கள். 1982-ல் பேட்டரி இல்லாமலே 1/4000 ஓட்டிய ஷட்டர், எடை குறைக்கத்தான் அந்தத் தேன்கூடு. விரலால் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் சரி.

கேள்வி: ஸோர்க்கி 4 கேமராவில் ஸ்பீடை மாற்றினால் சில சமயம் டயல் சிக்கிக்கொள்கிறது. அதோடு எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளி ஒன்று, ஒரே மாதிரி.
வாசகர், புதுச்சேரி

பதில்: இரண்டும் தனித்தனி வியாதி. ஸோர்க்கி மாதிரி சோவியத் கேமராவில் முதலில் ஷட்டரை ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பீடை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே இருக்கிற சின்ன முளை வளைந்துபோகும். மேலே யாஷிகாக்காரருக்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறேன், குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு ஷட்டர். அழுத்தும்போது இந்த டயல் தானே சுழலும், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் புள்ளி, துணித்திரையில் ஓட்டை. இந்த வகைக் கேமராவில் நடுவில் கண்ணாடி இல்லை, லென்ஸ் நேராகத் திரையைப் பார்க்கிறது, மூடி போடாமல் வெயிலில் வைத்தால் பூதக்கண்ணாடியில் காகிதம் எரிகிற கதைதான். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி முன்பக்கம் டார்ச் அடித்து, பின்னாலிருந்து பாருங்கள், நட்சத்திரம் மாதிரி தெரியும். ஏற்றிய நிலையிலும் ஏற்றாத நிலையிலும் பாருங்கள், இரண்டு திரை ஆயிற்றே. துணிக்குப் பூசுகிற கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைக் குச்சி நுனியில் தொட்டு மிக மெல்லிதாக வையுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். தடித்துப்போனால் உருளையில் சுற்றும்போது திரை தடுக்கும்.

கேள்வி: கேனான் ஏஇ-1 செத்துவிட்டது. லிவர் இழுக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை செலவாகும்?
வாசகர், ஈரோடு

பதில்: ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று போட்டுப் பார்த்தீர்களா? அந்தக் கேமராவில் ஷட்டரை நிறுத்தி விடுவிப்பது மின்சாரம். பேட்டரி இல்லாவிட்டால் 1/1000-உம் இல்லை, 1/2-உம் இல்லை.

கேள்வி: மழைக்காலத்தில் கேமராவை எப்படி வைப்பது? ஷட்டரை ஏற்றி வைக்க வேண்டுமா, இறக்கி வைக்க வேண்டுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இறக்கி வையுங்கள் ஐயா, ஸ்பிரிங் தளர்ந்து ஓய்வெடுக்கட்டும். ஹாசல்பிளாட் வைத்திருப்பவர்கள் மட்டும் ஏற்றியே வைக்க வேண்டும், அதில் லென்ஸும் உடம்பும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருந்தால்தான் ஒன்றோடொன்று சேரும்.

தோல் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள், ஈரத்தைக் குடித்துக்கொண்டு பூஞ்சை வளர்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். நீலம் ரோஸ் ஆனதும் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், சமையல் சட்டியில் வேண்டாம். பின்கதவு ஓரத்திலும் கண்ணாடி முட்டுகிற இடத்திலும் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும், அதைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அது ஒருநாள் உதிர்ந்து நேராகத் திரைமேல்தான் விழும். மாதம் ஒரு தடவை டிவி செய்தி பார்த்துக்கொண்டே எல்லா ஸ்பீடிலும் பத்துப் பத்துத் தடவை அழுத்திவிட்டு, கடைசியாக இறக்கிய நிலையில் டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.